ஆறு முதல் ஏழு வரை மின்தடை

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டர் எழுதச் சொல்லியிருக்கிறார். பிரஷர் ஏறிக் கிடக்கிறதாம். "கோபம் வந்தா யார்கிட்டயும் பேசாதீங்க சார், ஒரு டைரியில எழுதுங்க" என்கிறார். அந்தப் பையன் வயதைவிட என் சர்வீஸ் அதிகம். இருந்தாலும் மகள் வாங்கிக் கொடுத்த டைரி சும்மாதானே கிடக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஒன்றும் கோபக்காரன் இல்லை. மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவன். தப்பு நடந்தால் சத்தம் போடுவேன், அவ்வளவுதான். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் எங்கள் பேரூராட்சியில் வார்டு குழு உறுப்பினராகச் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, படி கிடையாது, டீகூட நம் காசுதான். குழுவுக்குத் தலைவி கவுன்சிலர் செல்வராணி. தையல் கடை வைத்திருக்கிறாள். வாய் அவள் கத்தரிக்கோலைவிட வேகம். "அணஞ்சபெருமாள் சார்தான் தண்ணிக்குச் சரி" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

இன்று காலை மேட்டுத் தெருக் குழாயடிக்குப் போயிருந்தேன். குழாய் மூக்கு ஒழுகுகிற மாதிரி ஒழுகுகிறது. அதற்கு முன்னால் ஐம்பது குடம். முப்பிடாதி என்கிறவள் தன் குடத்தை முன்னால் தள்ளினாள், பின்னால் நின்றவள் எவர்சில்வர் குடத்தைத் தூக்கி அவள் தலையில் இறக்கினாள். எலும்பு உடைகிற சத்தம் மாதிரிக் கேட்டது. குடம்தான் நசுங்கியிருந்தது. முப்பிடாதியின் நெற்றியிலிருந்து ரத்தம் அவள் குடத்துக்குள்ளேயே ஊற்றியது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அந்தக் குடத்துத் தண்ணீரை யாரும் கீழே கொட்டவில்லை. முருங்கைக்கு ஆகும் என்று ஒருத்தி எடுத்துக்கொண்டு போனாள்.

நான் நாலடி பின்னால் போய் நின்றேன். கோபத்தில்தான், பயத்தில் இல்லை.

ஏப்ரல் 5, சனி

காரணம் ஊருக்கே தெரியும். டேங்கிலிருந்து வருகிற குழாய் முதலில் எங்கள் சன்னதித் தெருவுக்கு வருகிறது. தெருக் கோடியில், என் வீட்டு முக்கில், திரும்பி மேட்டுத் தெருவுக்கு ஏறுகிறது. சன்னதித் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் குழாயில் நேரே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். மேட்டுக்கு எப்படி ஏறும்? மோட்டார் வைப்பது சட்டப்படி குற்றம். ஆனால் வீடு வீடாகப் போய்ப் பிடுங்க எவனுக்குத் தைரியம்? என் வீட்டிலும்தான் ஒன்று இருக்கிறது, மறைப்பானேன்.

இன்று குழுக் கூட்டத்தில் என் யோசனையைச் சொன்னேன். தண்ணீர் திறப்பது காலை ஆறு முதல் ஏழு வரை. அந்த ஒரு மணி நேரமும் எங்கள் வார்டு டிரான்ஸ்பார்மரை நிறுத்திவிட வேண்டியது. கரண்டே இல்லை என்றால் மோட்டார் எப்படி ஓடும்? யார் வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டாம், யார் சட்டையையும் பிடிக்க வேண்டாம். "என் வீட்டு மோட்டாரும்தான் நிக்கும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். கை தட்டினார்கள்.

செல்வராணி, "ஏ யப்பா! மூளைன்னா இது மூளை. இத்தன நாள் எங்க போயிருந்தீய சார்?" என்றாள்.

வால்வு திறக்கிற மாசானமும் வந்திருந்தான். ஒப்பந்தக் கூலி. ஒல்லி ஆள்; ஆள் உயர இரும்புச் சாவி ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டேதான் நிற்பான். அந்தச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகினால்தான் எங்கள் வார்டுக்குத் தண்ணீர். "நல்லது சார். மேட்டுத் தெருக்காரங்க என்னையத்தான் ஏசுதாவ. இனி ஏச மாட்டாவ" என்றான்.

கரண்ட் ஆபீசில் இப்போது இருக்கிற அதிகாரி என்னிடம் வேலை பழகியவன். தீர்மானக் கடிதம் கொடுத்ததும் மறு பேச்சு இல்லாமல் சரி என்றுவிட்டான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

என் வீட்டுக்காரி ஆவுடை நாகர்கோவிலுக்குப் போயிருக்கிறாள். பேத்திக்கு அம்மை போட்டிருக்கிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை மகளுக்குத் துணை. பஸ்ஸில் ஏறியும் வாய் ஓயவில்லை. மல்லிகைக்குத் தண்ணீர், மாத்திரை, பால்காரன், கேஸ் அடுப்பு. எனக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும், ஒரு தட்டு போதும். நிம்மதி.

ஏப்ரல் 9, புதன்

வந்தது! மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் வந்தது!

ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று. மாசானம் சாவியைத் திருகினான். நான் மேட்டுத் தெருக் குழாயடியில் நின்றேன். முதலில் காற்றுச் சீறியது, பிறகு துரு, பிறகு வெள்ளையாகப் பொங்கிக்கொண்டு வந்தது பாருங்கள், பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். தலையில் கட்டோடு முப்பிடாதி. அவள் புருஷன் கொம்பையா, லோடு ஏற்றுகிறவன், மலை மாதிரி ஆள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

ராத்திரி ஜன்னலில் கல். விடிந்து பார்த்தால் ஸ்கூட்டர் டயர் இரண்டிலும் கத்திக் கிழிசல். எட்டு மணிக்கு, எங்கள் தெருவில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிற பிச்சைக்கனி நாலு பேரோடு வாசலில் வந்து நின்றான்.

"ஓய் இன்ஜினியரே, ரிட்டயர் ஆனா கோயில் குளம்னு போக வேண்டியதுதான? எங்க தெருக் கரண்ட்ட நிறுத்த நீரு யாருவே?"

"குழுத் தீர்மானம்வே. எழுதப் படிக்கத் தெரிஞ்சா ஆபீஸ்ல போயி வாசிச்சுப் பாரும்" என்றேன்.

என் சட்டையைப் பிடித்தான். பித்தான் தெறித்தது. கையில் குடை இருந்தது. லேசாகத் தட்டினேன். அதற்குள் ஆட்கள் வந்து விலக்கிவிட்டார்கள்.

எனக்குக் கரண்ட் போனால் என்ன, இருந்தால் என்ன! என் வீட்டில் போனதே தெரியாது. ரிட்டயர் ஆன பணத்தில் இரண்டு பேட்டரி போட்ட பெரிய இன்வெர்ட்டர் வாங்கி, நானே லைன் இழுத்து, வீடு மொத்தத்தையும் அதில் போட்டிருக்கிறேன். கிரைண்டர்கூட ஓடும். மற்றவன் வீட்டில் ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓடினால் பெரிய காரியம்.

ஏப்ரல் 11, வெள்ளி

பிச்சைக்கனிக்குப் புருவத்தில் தையல் போட்டிருக்கிறார்களாம். என் குடைக் கம்பியும் வளைந்திருக்கிறது. பழைய குடை. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்கியாகிவிட்டது.

ஏப்ரல் 13, ஞாயிறு

பிச்சைக்கனி லேசுப்பட்ட ஆள் இல்லை. காலை ஆறே காலுக்கு மண்டபத்துக்குப் பின்னால் குப்பு குப்பென்று ஜெனரேட்டர் சத்தம். அதில் மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்! நான் மேட்டுத் தெரு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் தட்டினோம், திறக்கவில்லை. கொம்பையா தோளைக் கொடுத்தான், தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு போயிற்று.

மோட்டாரைக் குழாயோடு பிடுங்கித் தெருவில் போட்டோம். சம்மட்டியை முதலில் நான்தான் வாங்கினேன். ஓங்கி ஓங்கிப் போட்டேன். இரும்பு பிளந்து உள்ளே செம்புக் கம்பி குடல் மாதிரிப் பிதுங்கியது. பிச்சைக்கனியின் மகன் தடுக்க வந்து கொம்பையாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஒரு பல் தெருவில் கிடந்தது. அந்த இடத்திலேயே, வார்டு ஜனங்கள் கூடுகிற பகுதிக் கூட்டம் மாதிரிப் பேசி முடிவு செய்தோம்: தண்ணீர் நேரத்தில் எவன் மோட்டார் ஓட்டினாலும் அவன் வாசலிலேயே வைத்து மோட்டாரை உடைப்பது. ஆள் யார் என்ற பேச்சே கிடையாது.

செல்வராணிக்கு முகம் செத்துவிட்டது. "கை நீட்டுறது வேண்டாம் சார். நாளைக்கு இது யார் மேல திரும்பும்னு சொல்ல முடியாது" என்றாள். பொம்பளைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

தோள் வலிக்கிறது. ஆனால் நன்றாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

புது வருஷம். மேட்டுத் தெருவிலிருந்து தூக்குவாளியில் பாயசம் வந்தது. முப்பிடாதி கொண்டுவந்தாள். "நீங்க நல்லாருக்கணும் சார்" என்றாள். சர்க்கரை கூடாதுதான். இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

சாயங்காலம் ஆவுடை வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, மல்லிகை வாடிவிட்டது என்று ஒரு பாட்டம் ஏச்சு.

ஏப்ரல் 18, வெள்ளி

மேட்டுத் தெருவில் இன்று தண்ணீர் மெலிவு. டேங்கில் குறைவாக ஏற்றியிருப்பார்கள்.

ஏப்ரல் 19, சனி

சுத்தமாக வரவில்லை. கரண்டும் சரியாக ஆறு மணிக்குப் போயிருக்கிறது. ஜெனரேட்டர் சத்தமும் எங்கும் இல்லை. டேங்கை ஏறிப் பார்த்தேன், தளும்ப நிற்கிறது. பிறகு என்ன கேடு?

ஆவுடை, "இன்வெர்ட்டரு காலம்பற கீ கீன்னு கத்துது, என்னன்னு பாருங்க" என்றாள். கத்தட்டும். இங்கே ஊரே கத்திக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

மேட்டுத் தெருவில் மூன்றாவது நாளாகக் காலிக் குடம். சன்னதித் தெரு முக்கிலிருந்து மேடு வரை குழாயைத் தோண்டிப் பார்த்தோம். ஓட்டை இல்லை, அடைப்பு இல்லை. குழிக்குள் நான் நிற்கும்போது பிச்சைக்கனி பைக்கை நிறுத்தி, "ஊரெல்லாம் தோண்டுதீரே, ஒம்ம வீட்டுத் தொட்டி நெறஞ்சு தெருவுல வழியுது, அதப் பாத்தீரா?" என்றான். கொழுப்பு. தட்டின தட்டு போதவில்லை.

பேட்டரியில் தண்ணீர் அதற்குள் வற்றிவிட்டது. சார்ஜும் நிற்கவில்லை. கடைக்காரனுக்குப் போன் போட்டு, மட்ட ரகத்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவன், "சார், ஏதாவது பெரிய லோடு ஓடுதான்னு பாருங்க" என்கிறான். எனக்கே பாடம் நடத்துகிறான்! போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாசானத்தைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"வால்வ முழுசாத் தெறக்கியா?"

"முழுசாத்தான் சார். இதுக்கு மேல சாவி திரும்பாது."

"பிறகு தண்ணி எங்கல போகுது?"

"அதான் சார் எனக்கும் தெரியல. என் பிள்ள மேல சத்தியமாச் சொல்லுதேன் சார்."

சத்தியம் பண்ணுகிறவனைக் கண்டாலே எனக்குச் சந்தேகம். சர்வீஸில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். போன வாரம் இவன் பிச்சைக்கனி மண்டப வாசலில் நின்று டீ குடித்ததைக் கண்ணால் பார்த்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

சாயங்காலம் மேட்டுத் தெருவில் கூட்டம். ஒரே இரைச்சல். "கரண்ட்ட நிறுத்தியும் தண்ணி வரலன்னா என்ன அர்த்தம் சார்?" என்று கொம்பையா கேட்டான்.

நான் இன்ஜினியர். கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். டேங்க் நிறைந்திருக்கிறது. குழாயில் ஓட்டை இல்லை. கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் இல்லை. "மிச்சம் இருக்கிறது வால்வு ஒண்ணுதான். அது ஒரு ஆள் கையில இருக்கு" என்றேன். பெயர் சொல்லவில்லை. பிச்சைக்கனி மண்டபத்து டீயைப் பற்றி மட்டும் சொன்னேன்.

மாசானம் கூட்டத்தின் ஓரத்தில் சாவியோடுதான் நின்றான். எல்லாத் தலையும் திரும்பியது. "சார், என்ன சார் சொல்லுதீய?" என்றான் என்னைப் பார்த்து. அதற்குள் கொம்பையா அவன் செவிட்டில் ஒன்று விட்டான். விழுந்தவனை மிதித்தார்கள். செருப்புக் கால், வெறுங்கால், பொம்பளைக் கால். அவன் தோளில் இருந்த சாவியையே கொம்பையா பிடுங்கி, அவன் வலது கையைத் தரையில் வைத்து, இந்தக் கைதானல, இந்தக் கைதான என்று கேட்டுக் கேட்டு இறக்கினான். முழங்கை போகக் கூடாத பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மாசானம் அலறினது கொஞ்ச நேரம்தான். பிறகு மயங்கிவிட்டான்.

நான் தடுக்கப் போனேன். கூட்டத்தில் வழி கிடைக்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

மாசானத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முழங்கை எலும்பு நொறுங்கிவிட்டதாம். பேரூராட்சியில் அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். போலீஸ் வந்து விசாரித்தது. மேட்டுத் தெருவில் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. என்னையும் கேட்டார்கள். கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை என்றேன்.

நான் அடிக்கச் சொல்லவில்லை. யாரையும் பெயர் சொல்லவும் இல்லை.

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 26, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

வால்வைத் திறக்க ஆள் இல்லை என்றதும் காலையில் நானே போனேன். சாவியில் ரத்தம் காய்ந்திருந்தது, அதை மண் போட்டுத் தேய்த்தேன். ஆறு மணிக்குக் கரண்ட் போனதும் குழியில் விட்டுத் திருகினேன். எவ்வளவு கனம்! முழுசாகத் திறந்தேன், அதற்கு மேல் திரும்பவில்லை. மாசானம் சொன்னது போலவே.

இனி தண்ணீர் பாயும் என்று மேட்டுத் தெருவைப் பார்க்க நடந்தேன். முக்கில் போன் வந்தது. முப்பிடாதி. "தண்ணி இன்னும் வரல சார்."

அப்படியே நின்றுவிட்டேன். டேங்க் நிறைய இருக்கிறது, குழாய் நன்றாக இருக்கிறது, வால்வை என் கையாலேயே திறந்திருக்கிறேன். தெரு அமைதியாகக் கிடந்தது. ஒரு வீட்டில் ஃபேன் சத்தம் இல்லை, மிக்சி சத்தம் இல்லை. என் வீட்டுக்குள்ளிருந்து மட்டும் ஊங் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. கூடவே இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தியது.

பின்பக்கம் ஓடினேன். என் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டி நிறைந்து மல்லிகைக்குப் பாய்ந்து, அது போக மிச்சம் சாக்கடைக்குப் போகிறது. வீடு மொத்தத்தையும் இன்வெர்ட்டரில் போட்டேனே, அந்த மொத்தத்தில் மோட்டாரும் உண்டு! நான் இழுத்த லைன். தெருவில் மற்ற மோட்டாரெல்லாம் நின்ற பிறகு என் மோட்டார் ஒன்றே மேட்டுக்கு ஏறுகிற தண்ணீரை முக்கிலேயே மடக்கிக் குடித்திருக்கிறது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஓடினதெல்லாம் ஆவுடை நாகர்கோவிலில் இருந்த நாட்களில்.

"ஏட்டி! இத யாரு போட்டா?" என்று கத்தினேன்.

"நான்தான். எப்பவும் ஆறு மணிக்குப் போடுறதுதான" என்றாள் சாதாரணமாக.

"ஊரெல்லாம் கரண்ட் இல்லன்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். நம்ம வீட்டுல ஓடுதே. நீங்க கரண்ட் ஆபீசராச்சே, நம்ம வீட்டுக்கு மட்டும் லைன் விட்டு வச்சிருக்கீயன்னு நெனச்சேன். எல்லா ஆபீசரும் செய்யுறதுதான?"

கை ஓங்கினேன். அவள் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கம் உடைந்துவிட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மோட்டார் ஸ்விட்சைக் கழற்றிவிட்டேன். மேட்டுத் தெருவில் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

கொம்பையா என்னைக் கட்டிப்பிடித்து, "பாத்தீயளா சார்! அந்தப் பயல வெளுத்த பெறகு எப்படி வருதுன்னு! திருட்டுப் பய, இத்தன நாளு அடச்சு வச்சிருந்திருக்கான்" என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் வாயைத் திறந்தேன். ஒரு பெண் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள். குடித்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

தண்ணீர் வந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

தண்ணீர் வந்தது. ஆவுடையின் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்தேன். அவள் என்னோடு பேசுவதில்லை. கன்னத்தில் மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறாள்.

செல்வராணியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்து கடைக் கதவைச் சாத்தினாள். "வெளிய சொல்லிராதீய சார். இந்த ஜனங்க வெறியில நிக்கி. உங்க வீட்டக் கொளுத்திருவானுவ. தண்ணி வந்துட்டுல்லா, அப்படியே போகட்டும். மாசானத்துக்கு நான் வேற ஏதாவது பாக்கேன்" என்றாள்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டது.

ஏப்ரல் 30, புதன்

நாளை மே தினப் பகுதிக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போடப் போகிறார்களாம். கொம்பையா வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் மாசானத்தின் பெண்டாட்டி இசக்கியம்மாள் வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் வாசல்படியில்கூட ஏறவில்லை.

"சார், நீங்க படிச்சவிய. வால்வுல எவ்வளவு தண்ணி போகுதுன்னு மிஷின் வச்சு அளக்கலாமாமே. அளந்து பாத்து, அவுக திருடலன்னு ஒரு வார்த்த மட்டும் கூட்டத்துல சொல்லிருங்க. வேல போனாப் போகட்டும். கையும் போயிட்டு, நீட்ட மடக்க வராதுன்னுட்டாவ. பிள்ளையப் பள்ளிக்கூடத்துல தண்ணித் திருடன் மவன்னு சொல்லுதுவ சார். அது சோறே திங்க மாட்டேங்கு."

ஆவுடை உள்ளேயிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலில் நடந்து வந்தவள் மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தாள். எங்கள் தொட்டித் தண்ணீர். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மே 1, வியாழன்

மோட்டாரைக் கழற்றி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். சம்மட்டியும் எடுத்துக்கொண்டேன். செல்வராணி என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சால்வையோடு வந்த கொம்பையாவின் காலடியில் மோட்டாரை இறக்கினேன். "ஒங்க தண்ணியக் குடிச்சது இது. என் மோட்டார். என் வீட்டு இன்வெர்ட்டர்ல ஓடியிருக்கு. மாசானம் ஒரு சொட்டுத் திருடல. நான்தான் திருடன். பேசின பேச்சு மாதிரி என் வாசல்ல வச்சு ஒடைங்க. அதுக்கு முன்னால என்னைய அடிங்க" என்று சம்மட்டியை நீட்டினேன்.

தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது விழும், இப்போது விழும் என்று நின்றேன்.

கொம்பையா சம்மட்டியை வாங்கி ஓரமாக வைத்தான். "விடுங்க சார். தெரியாம நடந்ததுதான. நீங்க பெரிய மனுஷன், ஒங்களப் போயி நாங்க என்ன சொல்ல" என்றான். பின்னாலிருந்து ஒரு கிழவர், "சாருக்கு ஒரு சேர் போடுங்கல" என்றார். சேர் வந்தது! சோடா வந்தது!

"ஏல, மாசானமும் ஒண்ணும் தெரியாமத்தானல நின்னான்! அவனுக்கு எவன்ல சேர் போட்டீய?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முப்பிடாதி மட்டும், நெற்றித் தழும்போடு முன்னால் வந்து, புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணும் செய்யாத மனுஷன் கைய முறிச்சிட்டு வந்து என் கையால சோறு தின்னீயளே." கொம்பையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், தூண்டிவிட்டவன் நான், அடித்தவன் கொம்பையா என்று எழுதிக் கொடுத்தேன். கொம்பையாவும் என் பின்னாலேயே நடந்து வந்து கையெழுத்துப் போட்டான். கூப்பிடும்போது வர வேண்டும் என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

மே 2, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாசானத்தின் வலது கை தோளிலிருந்து விரல் வரை கட்டு. விரல் நுனி கறுத்திருந்தது. மோட்டார் விஷயத்தை இசக்கியம்மாள் முன்னமே சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. உன்னை மறுபடி வேலையில் எடுக்க ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கை சரியாகிற வரை வால்வை நான் திறக்கிறேன், சம்பளம் உனக்குத்தான் என்று பேசிக்கொண்டே போனேன்.

"கிட்ட வாங்க சார்" என்றான்.

குனிந்தேன். இடது கையால் அறைந்தான்.

என் கண்ணாடி பறந்து அடுத்த கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. மறுபடியும் ஒன்று விட்டான். நர்ஸ் ஓடி வந்தாள், இசக்கியம்மாள் அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள். "விடும்மா" என்றேன். அவன் மூன்றாவது அடிக்குக் கை ஓங்கி, அப்படியே முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதான்.

லேசாகத் தட்டினான் என்று எழுத மாட்டேன். பலமாகத்தான் அடித்தான். காது இன்னும் இரைகிறது. பிச்சைக்கனியை நானும் தட்டவில்லை, மண்டை பிளக்கட்டும் என்று ஓங்கித்தான் அடித்தேன். மாசானத்தை அடிக்கும்போது தடுக்கப் போகவில்லை. வழி இருந்தது, நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவுடையின் கண்ணாடி தானாக விழவில்லை. நான் அறைந்ததில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடை என் கன்னத்தைப் பார்த்தாள். மஞ்சள் பற்று மிச்சம் இருந்த கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மே 3, சனி

நேற்று சாயங்காலம் இன்வெர்ட்டரைக் கழற்றிப் பேட்டரிகளைக் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டேன். காலையில் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று. எங்கள் வீட்டிலும் போயிற்று.